கீழ உத்தர வீதியை இரண்டு முறை நடந்தது

வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்சீட்டில் வசந்தகுமாரி மேடம். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வரலாற்றுப் பிரிவு அவர் பொறுப்பு. ஓட்டியவர் அந்தோணி. அவருக்குப் பின்னால் லால்குடி பரமசிவம் சார். மண்ணச்சநல்லூர் செல்வராணி டீச்சரும் துறையூர் கலா டீச்சரும் ஒரு சீட்டு. பாலக்கரை ஜபருல்லா சார். புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு சார்கள். பெயர் மறந்துவிட்டது. இருவருக்கும் ஒரே மாதிரி மீசை. ஜன்னலோரம் முசிறி தனபால் சார். கடைசி சீட்டில் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நான், காளிமுத்து. அலுவலக உதவியாளர்.

தனபால் சாருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஏறியதும் ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்றார்.

"உங்களுக்கு எதுக்கு சார் ஜன்னல்?" என்று பரமசிவம் சார் கேட்டார். விளையாட்டாகத்தான்.

"ஏன், காத்து உங்களுக்கு மட்டுந்தான் வருமா?"

எல்லாரும் சிரித்தார்கள். பரமசிவம் சார்தான் அதிகம் சிரித்தார். அப்படித்தான் கிளம்பினோம்.

இதை எழுதச் சொன்னது பிரியா. நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் போயிருந்தேன். பெரிய ஹாலில் ஆள் இல்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது என்றார் பிரியா. எங்கே என்றேன். அவரவர் வீட்டில் என்றார். அவர் முன்னால் திரையில் ஸ்ரீரங்கத்து மதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள்லாம் நேர்லயே போவீங்களாமே அண்ணே. அஞ்சு நாள் அங்கயே தங்கி என்னதான் பண்ணுவீங்க?"

"நடப்போம்."

"நடந்து?"

"எண்ணுவோம்."

"அவ்வளவுதானா? சரி, அதையே எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடலாம். நான் டைப் பண்ணிக்கறேன்."

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

தினக்கூலியாகச் சேர்ந்தேன். பெருக்கினேன். மணி அடித்தேன். டீ வாங்கினேன். பிறகு நிரந்தரம் செய்தார்கள். அந்த வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. மேடம் வந்த பிறகுதான் காலையில் எழுந்தால் போக வேண்டும் என்று தோன்றியது.

சரித்திரம் நடத்துகிறவர் சரித்திரம் நடந்த இடத்தில் ஐந்து நாளாவது குடியிருக்க வேண்டும் என்பது மேடத்தின் எண்ணம். "ஒரு நாள் வந்துட்டுப் போனா போட்டோதான் மிஞ்சும்" என்பார். வருடத்துக்கு இரண்டு முறை ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு போவார். நிறுவனத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஸ்ரீரங்கம்.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே தெரு. தெருவுக்கு வெளியே மறுபடி மதில். ஊரே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மேடம் வேனை எல்லாவற்றுக்கும் வெளியே, தெற்கு வாசல் ராஜகோபுரத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தச் சொல்லிவிடுவார். அங்கிருந்து நடைதான்.

ஒரு தெருவை மூன்று முறை நடக்க வேண்டும். முதல் நடையில் கையில் நோட்டு, பேனா, போன் எதுவும் இருக்கக் கூடாது. பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது நடை, தெருவின் நீளத்தை எண்ணுவதற்கு. மூன்றாவது நடையில் தெருவில் இருக்கிற மூன்று பேரிடம் பேச வேண்டும். பேசும்போது சரித்திரம் கேட்கக் கூடாது. குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, தேர் வரும் நாளில் வாசலில் எதையெல்லாம் எடுத்து உள்ளே வைப்பீர்கள், இப்படித்தான் கேட்க வேண்டும்.

வாத்தியார்களுக்கு இந்த மூன்றாவதுதான் வராது. பரமசிவம் சார் ஒரு பூக்கார அம்மாவிடம் போய் நின்றார். "இந்த மதில் யார் காலத்துல கட்டினது, சொல்லுங்க பாப்போம்" என்றார். பதில் வரவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கையை வேறு ஆட்டினார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா சொல்றீங்க சார். கொஞ்சம் தள்ளி நின்னு சொன்னீங்கன்னா எனக்கு வியாபாரம் நடக்கும்."

மேடம் எப்போதும் எல்லாருக்கும் கடைசியாக நடப்பார். மடக்கிய குடை ஒன்று கையில் இருக்கும். யாராவது பாடம் நடத்தத் தொடங்கினால் குடையைத் தூக்குவார். அன்றும் தூக்கினார்.

"சார், இன்னிக்கு அந்தம்மாதான் வாத்தியார். நீங்க ஸ்டூடன்ட். உக்காருங்க."

பரமசிவம் சார் நிஜமாகவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அவரிடம் பூவைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்.

எண்ணுகிற முறையையும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன்பே நிறுவன வராந்தாவில் நூறு அடிக்கு டேப் போட்டு வைப்பார் மேடம். ஒவ்வொருவரும் அதில் சாதாரணமாக நடக்க வேண்டும். எத்தனை தப்படி என்று குறித்துக்கொள்வார். எனக்கு ஐம்பது. அதாவது என் ஒரு தப்படி இரண்டு அடி. தெருவில் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் எண்ண வேண்டும். ஒருவர் பார்க்க வேண்டும். எண்ணுகிறவர் வாய் திறக்கக் கூடாது. அவர் வலது பையில் பத்துப் புளியங்கொட்டை இருக்கும். நூறு தப்படி ஆனதும் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்ற வேண்டும். சாயங்காலம் நாலு பக்கத்துக் கணக்கையும் அடியாக மாற்றி, பெரிய சார்ட்டில் கோடு போட்டு ஒட்ட வேண்டும். நாலு கோடும் நாலு மூலையில் சேர்ந்தால் எண்ணியது சரி.

அந்த முறை உத்தர வீதி நாலும் எடுத்துக்கொண்டோம். வந்தவர்கள் ஏழு பேர். ஜோடி சேர்ந்ததில் ஒருவர் மிச்சம். தனபால் சார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"காளிமுத்து, நீங்க சாரோட கீழ உத்தர வீதிக்குப் போங்க. நீங்க எண்ணுங்க. சார் பாக்கட்டும்" என்றார் மேடம்.

"பாக்கறேன் மேடம்" என்றார் தனபால் சார்.

அந்த ஐந்து நாளில் அவருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஏழு பேரில் இரண்டு பேர் பெயரை மேடம் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவார். அந்த இரண்டு பேரும் தங்கள் பக்கத்து ஆசிரியர்களை இதே மாதிரி அழைத்துப்போகும் பொறுப்பாளர்கள் ஆவார்கள். பெயர் அனுப்பும் நாள் நாலாம் நாள். முதல் நாளே சாப்பிடும்போது தனபால் சார் என்னிடம் சொன்னார்.

"பதினாலு வருஷமா பாடம் எடுக்கறேன் காளிமுத்து. எங்க ஸ்கூல்ல பிள்ளைங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறதுன்னா எல்லா வாத்தியார் பேரையும் போடுவாங்க. என் பேரை மட்டும் விட்டுடுவாங்க. சாரை யாரு பாத்துக்கறதுன்னு கேப்பாங்க. ஒரே ஒரு தடவை நான் கூட்டிட்டுப் போகணும்."

மூன்றாம் நாள் காலை கீழ உத்தர வீதியில் தென்கோடியில் நின்றோம். அவர் என் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டார். நான் எண்ணத் தொடங்கினேன். அவர் பேசத் தொடங்கினார். பார்க்கிறவர் பேசலாம். அதற்குத் தடை இல்லை.

அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து படை வருகிறது என்று செய்தி வந்ததைச் சொன்னார். மூலவரை மறைத்து உள்ளே சுவர் எழுப்பியதைச் சொன்னார். உற்சவரைப் பல்லக்கில் வைத்து இரவோடு இரவாகத் தெற்கே தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னார். நான் இந்த ஊர்ப் பக்கம்தான். இது அரைகுறையாகக் காதில் விழுந்த கதைதான். ஆனால் யாரும் எனக்கு என்று சொன்னதில்லை. இவர் எனக்குச் சொன்னார்.

"தூக்கிட்டுப் போனவன் தோள்பட்டையை நெனச்சுப் பாருங்க காளிமுத்து. நீங்க தண்ணி கேன் தூக்கறீங்க. இறக்கி வைக்கலாம். அவன் எங்க இறக்குவான்? காட்டுல இறக்கலாமா? ஆத்துல இறக்கலாமா? அப்பன் செத்தா மகன் தோள் குடுத்திருக்கான். அந்த மகன் இந்த ஊரைப் பாத்ததே கிடையாது. எந்த ஊருக்குத் திருப்பிக் கொண்டாரணும்னு அப்பன் சொல்லித்தான் தெரியும்."

வெள்ளைக் கோபுரத்துக்கு நேராக வந்திருந்தோம். சார் ராஜா பெயர் சொல்லவில்லை, வருடம் சொல்லவில்லை. தோளைச் சொன்னார். என் தோள் வலித்தது.

"ரொம்ப வருஷம் கழிச்சு ஒருவழியா திரும்பி வந்தாங்க. வந்து பாத்தா இங்க வேற ஒரு பெருமாள் இருக்கார். இவங்க வர மாட்டாங்கன்னு நெனச்சுப் புதுசா பண்ணி வச்சுட்டாங்க. இப்ப ரெண்டு. இவங்க கொண்டாந்தது நெஜமா பழசுதானா? பாத்தவங்க ஒருத்தரும் உசிரோட இல்லை. யாரு சொல்லுவா?"

நின்றுவிட்டார்.

"மூலை வந்துருச்சு. காத்து மாறுது. எத்தனை?"

இடது பையில் கையை விட்டேன். மூன்று கொட்டை இருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு நான் எண்ணவே இல்லை. கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். திரும்பி நடந்திருக்கலாம். வெயில்கூட ஏறவில்லை. என்ன வேலையாக இருந்தாலும் நான் தவறவிட்டதில்லை என்று அலுவலகத்தில் பெயர் எடுத்திருந்தேன். அது உள்ளே நின்று தடுத்தது.

"ஐந்நூத்தி எண்பத்திரண்டு சார்" என்றேன். ஐந்நூற்று எண்பது என்றால் சந்தேகம் வரும் என்று அந்த இரண்டைச் சேர்த்தேன். பைக்குள்ளேயே இன்னும் இரண்டு கொட்டையை மாற்றினேன்.

சார் தன் பிரெயில் பலகையை எடுத்து அட்டையில் குத்திக்கொண்டார்.

"மீதிக் கதை சார்?"

"மூணாவது நடையில சொல்றேன். முதல்ல மூணு பேரைப் பிடிப்போம்."

மூன்று பேரும் நிறையப் பேசினார்கள். கதைக்கு நேரமில்லை.

சாயங்காலம் தங்கியிருந்த கல்யாண மண்டபத்து மாடியில் சார்ட்டை விரித்தோம். தெற்கும் வடக்கும் பொருந்தியது. மேல உத்தர வீதி, செல்வராணி டீச்சரும் ஜபருல்லா சாரும் எண்ணியது, ஆயிரத்து நானூற்றுப் பத்து அடி. எங்களுடையது ஆயிரத்து நூற்று அறுபத்து நாலு. கோடு மூலைக்கு வராமல் நடுவழியில் நின்றது.

"தனபால், தெருவுல கால்வாசியைக் காணுமேய்யா. யாரு எடுத்துட்டுப் போனா?" என்றார் பரமசிவம் சார். மீசைக்கார சார்கள் சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்தார்.

"காளிமுத்து, கொட்டை எத்தனை?"

"அஞ்சுங்க மேடம்."

"சரியா மாத்தினீங்களா?"

"ஆமாங்க."

தனபால் சார் எழுந்து நின்றார். "அவர் எண்ணினது, நான் பாத்தது. ரெண்டு பேர் கணக்குதான். தப்புன்னா என்னோடது மேடம்."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இருபது பேரைக் கூட்டிட்டு நீங்க போறீங்க. ஒருத்தர் வந்து ஒரு கணக்கு சொல்றார். அது சரியா தப்பான்னு நீங்க எப்படிப் பாப்பீங்க?"

தனபால் சார் மெதுவாக உட்கார்ந்தார். பரமசிவம் சார்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலைல ஏழரைக்குப் பேர் அனுப்பணும். யோசிக்கிறேன்" என்று சொல்லி மேடம் சார்ட்டைச் சுருட்டினார்.

அதற்கு மேல் நான் தாங்கவில்லை. விடிந்ததும் போனேன். மேடம் மாடிப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் எண்ணலைங்க மேடம். முந்நூறோட விட்டுட்டேன். சார் மேல தப்பு இல்லை."

"ஏன் எண்ணலை?"

"கேட்டுட்டு வந்தேங்க."

"என்ன கேட்டீங்க?"

"சார் சொன்னதை."

காப்பியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எண்ணலைன்னா எண்ணலைன்னு சொல்லணும் காளிமுத்து. அதுக்குத்தானே இவ்வளவும். அவர்கிட்ட சொல்லியாச்சா?"

"இல்லைங்க."

"அங்க போய்ச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு பேரும் நடந்து எண்ணிட்டு வாங்க. ஏழரைக்குள்ள."

தனபால் சார் குளித்துத் தலை சீவிக்கொண்டிருந்தார். கதவருகே நின்று சொன்னேன். சீப்பு நின்றது.

"எங்க விட்டீங்க?"

"மூணாவது கொட்டைக்கு அப்புறம்."

"நான் என்ன சொல்லிட்டிருந்தேன் அப்ப?"

"தோளைப் பத்தி சார்."

சீப்பைச் சட்டைப் பையில் வைத்தார். தடவி அட்டையை எடுத்தார். குத்தியிருந்த புள்ளிகளை நகத்தால் தேய்த்து அமுக்கினார். முழுக்க மறையவில்லை.

"கடைக்காரன் ஏமாத்துவான். கண்டக்டர் ஏமாத்துவான். அதுக்கெல்லாம் எனக்குக் கோவமே வராது, பழகிடுச்சு. உங்க கையைப் பிடிச்சுட்டு நடந்தேன் காளிமுத்து."

அவர் செருப்பை எடுத்துக் கதவருகே வைத்தேன்.

"வாங்க, நேரமாச்சு" என்றார்.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடு மூலையில் சேர்ந்தது. மேடம் தனபால் சார் பெயரை எழுதி அனுப்பினார். அவர் முசிறிப் பக்கத்து ஆசிரியர்களைப் பல முறை அழைத்துப்போனார். நன்றாகச் செய்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் போகும் குழுவில் எல்லாரும் எண்ணியதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டுமாம்.

மேடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இனிமே நீங்க வண்டிகிட்ட இருந்துக்கங்க." அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எட்டு வருடம் வேனோடுதான் இருந்தேன். ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, முக்கொம்பு, எங்கே போனாலும் ஆசிரியர்கள் இறங்கி நடந்து போவார்கள். நான் கேன்களை நிழலில் வைத்துவிட்டு, அவர்கள் முதுகு மறையும் வரை பார்ப்பேன். அந்தோணி சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். "என்ன மாப்ள, கூடப் போயிருக்கலாம்னு இருக்கா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். இருந்தது. இப்போது அந்த வேனும் போவதில்லை. இருந்தால் நிழலிலாவது நிற்பேன்.

கதையின் மீதி பிறகு தெரிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வயதான வண்ணார் ஒருவர் இருந்தாராம். கண் போனவர். இரண்டு பெருமாளுக்கும் ஈரத்துணி சாத்தி, அதைப் பிழிந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்து, இவர்தான் நம்ம பெருமாள் என்று சொன்னாராம். பூக்கடையில் ஒருவர் சொன்னார். பஸ்ஸில் ஒருவர் சொன்னார். எல்லாரும் ஒரே வரியில் சொன்னார்கள். தனபால் சார் அந்த இடத்தை எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நிறுவனத்துக்கு அவர் வரும்போது என் குரல் கேட்டால் நிற்பார். "காளிமுத்தா? நல்லா இருக்கீங்களா? வீட்ல சௌக்கியமா?" என்பார். மரியாதையாகத்தான் பேசுவார். நான் கேட்டதில்லை.

அன்று காலை மட்டும் ஒரு தடவை கேட்டேன்.

தென்கோடியில் நின்றோம். வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சார் என் கையைப் பிடிக்கவில்லை. மடக்குக் குச்சியை விரித்துக்கொண்டார். "சத்தமா எண்ணுங்க" என்றார். எண்ணினேன். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சார் பக்கத்தில் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குச்சி தரையில் தட்டுகிற சத்தமும் என் குரலும்தான். வெள்ளைக் கோபுரத்துக்கு நேராக வந்தபோது எண்ணை மனதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், அந்த ரெண்டு பெருமாள்ல எது பழசுன்னு..."

"எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். மூலை வந்தது. காற்று மாறியது. அவர் நின்று அட்டையை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை?"

"எழுநூத்திப் பதினொண்ணு."